சியோலில் இமை அறுவைச் சிகிச்சை: முதன்முறை போகிறவர்களுக்கு

சியோல் மெட்ரோவின் மூன்றாம் பாதையில் சின்சா, அப்குஜொங் நிலையங்களில் இறங்கி வெளியே வந்தால், ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒரு அழகு சிகிச்சைக் கிளினிக் இருப்பதைப் பார்க்கலாம். காங்னம் பகுதியின் இந்தத் தெருக்களுக்குச் சீனா, ஜப்பான், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா என்று பல நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இங்கே வேலைக்கும் படிப்புக்கும் வந்த தமிழர்களில் பலருக்குக் கொரிய, சீன நண்பர்கள் உண்டு; சிலருக்கு வாழ்க்கைத் துணையே அந்தக் குடும்பத்தவர். "துணைக்கு வர்றியா?" என்று கேட்டால் தட்ட முடியாது. அப்படித் துணையாகவும், அரைகுறைக் கொரிய மொழியை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளராகவும் போய்ப் போய்த் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். செய்துகொள்பவருக்கும் கூடப் போகிறவருக்கும் உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல் இமையில் ஒரு மடிப்பை உண்டாக்கும் இந்த ஆபரேஷன் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிற்பாடு வருத்தப்படுகிறவர்களின் கதையைக் கேட்டால், தவறு ஆபரேஷன் மேஜையில் நடந்ததைவிட அதற்கு முந்தைய ஆலோசனை அறையில் நடந்ததே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் இந்தக் கட்டுரையும் அந்த அறைக்கு முன்னும் பின்னும்தான் அதிக நேரம் நிற்கும்.

1. உங்கள் இமை எப்படிப்பட்டது என்று பாருங்கள்

கண்ணைத் திறக்கும்போது மேல் இமையை உயர்த்துவது லெவேட்டர் என்ற தசை. அதிலிருந்து மெல்லிய இழைகள் வெளித்தோலோடு ஒட்டியிருந்தால், இமை உயரும்போது அந்த இடத்தில் தோல் உள்ளே இழுபட்டு ஒரு மடிப்பு விழும். கிழக்காசியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த மடிப்பு பிறவியிலேயே இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்த ஒட்டுதல் பலவீனமாகவோ இல்லாமலோ இருக்கும். கண்குழிக் கொழுப்பும் இமையில் சற்றுக் கீழே வரை இறங்கியிருக்கும். அதனால் மடிப்பு விழாது, இமை வழவழப்பாகத் தெரியும். இது நோயும் அல்ல, குறையும் அல்ல. ஒலிம்பிக் தங்கம் வென்ற பனிச்சறுக்கு நடன வீராங்கனை கிம் யுனாவின் கண் இப்படிப்பட்டதுதான். கொரியாவில் அந்தக் கண்ணை அழகில்லை என்று சொல்பவரை நான் பார்த்ததில்லை.

கண்ணாடி முன் உட்கார்ந்து, கண்ணை மூடி, மழுங்கிய முனையுள்ள ஹேர்பின் ஒன்றால் இமையை லேசாக அழுத்திக் கண்ணைத் திறந்து பாருங்கள். மருத்துவரும் ஒரு மெல்லிய கம்பியை வைத்து இதையேதான் செய்வார். மடிப்புக் கோடு ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் முகம் மாறுவது அப்போது புரியும். கடைகளில் கிடைக்கும் இமை டேப்பை ஒட்டிக்கொண்டு சில நாள் நடமாடிப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் டேப்பையும் பசையையும் வருடக்கணக்கில் தினமும் போட்டால் தோல் தளரும், சிலருக்கு அலர்ஜியும் வரும். பரிசோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே பார்க்க வேண்டியது: மடிப்பு இல்லாததுதான் பிரச்சினையா, அல்லது இமையே கருவிழியை மறைத்துக்கொண்டு தொங்குகிறதா? நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கித்தான் கண்ணைத் திறக்கிறீர்கள் என்றால் அது இரண்டாவது வகை. அது திடீரென்று தொடங்கியதாகவோ, மாலையாக ஆகக் கூடுவதாகவோ, இரட்டைப் பார்வையோடு வருவதாகவோ இருந்தால் அழகு சிகிச்சையை மறந்துவிட்டு முதலில் கண் அல்லது நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். தசைக் களைப்பு நோய் போன்ற காரணங்கள் அதன் பின்னால் இருக்கக்கூடும்.

2. முறைகளின் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள்

கிளினிக்கில் இந்தச் சொற்கள் மாறி மாறி வரும்.

மேமோல்: வெட்டாமல், ஊசி முனை அளவுத் துளைகள் வழியாக நூலைக் கோத்து உள்ளேயே புதைத்துவிடுவது. தோல் மெல்லியதாகவும் கொழுப்பு குறைவாகவும் உள்ள இளவயதினருக்கு ஏற்றது. வீக்கம் சீக்கிரம் வடியும். காலப்போக்கில் மடிப்பு அவிழ்ந்துவிடும் வாய்ப்பு உண்டு. பிடிக்கவில்லையென்றால் தொடக்கத்தில் நூலை எடுத்துவிடவும் ஓரளவு முடியும்.

ஜொல்கே: மடிப்பு வர வேண்டிய கோட்டில் முழுதாக வெட்டி, தேவையான அளவு தோலும் கொழுப்பும் எடுத்துத் தைப்பது. தடித்த இமைக்கும், தோல் தொங்கும் வயதினருக்கும் இதுதான் சரி. நீடித்து நிற்கும். பழைய நிலைக்குத் திருப்புவது மிகக் கடினம். இரண்டுக்கும் நடுவில் பாதி வெட்டு முறை ஒன்றும் இருக்கிறது.

நுன்மே க்யோஜொங்: இமையைத் தூக்கும் தசையையே இறுக்குவது. உண்மையிலேயே இமை தொங்குகிறவர்களுக்குப் பெரிய உதவி. தேவையில்லாதவருக்குச் செய்தால் எப்போதும் திடுக்கிட்ட பார்வை, தூங்கும்போது கண் முழுதாக மூடாமை, வறட்சி என்று போகும். கிளினிக்குகளில் பலருக்கும் இதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். "எனக்கு ஏன் வேண்டும், அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

அப்துயிம்: கண்ணின் உள்மூலையை மூடியிருக்கும் தோல் மடிப்பைத் திறப்பது. நான்கிலும் எனக்குப் பயம் தருவது இதுதான். மூக்கோரத்தில் தழும்பு வெளிப்படையாகத் தெரியும், அளவு மீறினால் பார்வையே கூர்மையாகிவிடும். அவசியம் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மடிப்பின் வடிவத்துக்குக் கொரியர்கள் ஆங்கிலத்தையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்: உள்மூலையில் மறைந்து தொடங்கி வெளியே அகலமாவது இன்லைன், ஓரம் முதல் ஓரம் வரை இணையாகப் போவது அவுட்லைன். உள்மூலை மடிப்பு பலமாக உள்ளவர் அவுட்லைன் கேட்டால் உடனே அப்துயிம் பேச்சு வந்துவிடும். எந்தக் கோடு வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. பலகையைப் படியுங்கள்

கொரியாவில் மருத்துவ உரிமம் உள்ள எந்த மருத்துவரும் அழகு அறுவைச் சிகிச்சை செய்யலாம். பிளாஸ்டிக் சர்ஜரியில் சிறப்புப் பயிற்சி முடித்தவர்தானா என்பதைப் பெயர்ப்பலகை சொல்லிவிடும். பெயரோடு சேர்ந்தே 'சொங்ஹ்யொங் வேக்வா' (பிளாஸ்டிக் சர்ஜரி) என்று இருந்தால் அது சிறப்பு மருத்துவரின் கிளினிக். பெயர், அடுத்து 'உய்வொன்' (கிளினிக்), பிறகு சின்ன எழுத்தில் 'ஜில்லியோ க்வாமோக்' (சிகிச்சைத் துறை) என்று போட்டு அதற்கப்புறம் 'சொங்ஹ்யொங் வேக்வா' வந்தால், அந்தத் துறையிலும் சிகிச்சை தருகிறார்கள் என்று மட்டுமே அர்த்தம். கொரிய எழுத்து தெரியாவிட்டால் போன் கேமராவில் மொழிபெயர்ப்பைப் போட்டுப் பாருங்கள். இமைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: இமை அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற கண் மருத்துவர்களும் இதை நன்றாகச் செய்கிறார்கள்.

வெளிநாட்டு நோயாளிகளை வரவழைக்கும் கிளினிக்குகளும் முகவர்களும் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விமான நிலையத்திலிருந்து கூட்டிப் போகிறேன், தங்குமிடமும் பார்த்துத் தருகிறேன் என்று சமூக ஊடகத்தில் வரும் ஆள் பதிவில்லாத முகவராக இருந்தால், அவருடைய கமிஷன் உங்கள் பில்லுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

கங்னம் உன்னி, பாபிடாக் போன்ற செயலிகளில் விலையும் அனுபவங்களும் கிடைக்கும். விலை ஒப்பிட நல்லது. படங்களைப் பார்க்கும்போது மட்டும் கவனம்: முன்-பின் படம் கொடுத்தால் தள்ளுபடி என்பது இங்கே சாதாரணம். முன் படத்தில் மேக்கப் இல்லாமல் மங்கலான விளக்கு, பின் படத்தில் லென்ஸும் மஸ்காராவும் என்றிருந்தால் அந்தப் படத்தால் உங்களுக்குப் பயனில்லை. ஆறு மாதத்துக்குப் பிந்தைய படம், கண்ணை மூடியிருக்கும் படம், இவற்றைத் தேடுங்கள். கண்ணை மூடினால்தான் தழும்பு தெரியும்.

4. ஆலோசனை அறை

முதலில் உங்களைச் சந்திப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல. 'சில்ஜாங்' என்று அழைக்கப்படும் ஆலோசனை மேலாளர். இனிமையாகப் பேசுவார், காபி தருவார், உங்கள் மொழியிலோ ஆங்கிலத்திலோ ஒருவரைக் கூட உட்கார வைப்பார். புடவைக் கடையில் ஒன்று கேட்டால் பத்து விரித்துப் போடுவார்களே, அதே கைத்திறன். இமைக்குப் போனவரிடம் மூக்கு, நெற்றிக்குக் கொழுப்பு, தாடை என்று ஒவ்வொன்றாக விரியும். இரண்டு சேர்த்தால் இவ்வளவு குறையும், இன்றே முன்பணம் கட்டினால் இன்னும் குறையும் என்பார்.

இந்த இடத்தில் என் யோசனை ஒன்றே ஒன்றுதான்: முதல் கிளினிக்கில், முதல் நாளில், பணம் கட்டாதீர்கள். எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. வெளியே வந்து சாப்பிடுங்கள், அடுத்த கிளினிக்குக்குப் போங்கள், மறுநாள் முடிவு செய்யுங்கள். சிலர் ஒரே நாளில் ஆலோசனையும் ஆபரேஷனும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அவசர சிகிச்சைக்கு அது சரி. இமை எங்கும் ஓடிப்போய்விடாது.

மருத்துவரை நேரில் பார்க்காமல் எதற்கும் தலையாட்டாதீர்கள். ஒரு நாளில் வரிசையாக ஆட்களைப் பார்க்கும் பெரிய கிளினிக்கில் அவர் சில நிமிடங்கள்தான் கொடுப்பார், அதனால் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். முதல் வெட்டு முதல் கடைசித் தையல் வரை நீங்கள்தான் செய்வீர்களா? எந்த முறை, ஏன்? கோட்டின் உயரம் எத்தனை மில்லிமீட்டர்? (பொதுவாக 6 முதல் 8 வரை சொல்வார்கள்.) என் இரண்டு கண்ணிலும் இப்போதே என்ன வித்தியாசம் இருக்கிறது? மடிப்பு அவிழ்ந்தால் திரும்பச் செய்ய யார் செலவு, எத்தனை காலம் வரை? நான் ஊருக்குப் போனபின் பிரச்சினை வந்தால்?

இரண்டு கண்ணின் வித்தியாசத்தைப் பற்றிக் கேட்பது முக்கியம். யாருடைய கண்ணும் முழுச் சமமாக இருப்பதில்லை. அதை ஆபரேஷனுக்கு முன்பே காட்டுகிற மருத்துவர் மேல் எனக்கு நம்பிக்கை வரும். 1896-இல் ஜப்பானில் மிகாமோ என்ற மருத்துவர் இந்த அறுவையைப் பற்றி முதன்முதலாக எழுதியபோது அவர் சிகிச்சை செய்ததும் ஒரு கண்ணில் மடிப்பும் மறு கண்ணில் மடிப்பின்மையும் கொண்ட ஒரு பெண்ணுக்குத்தான்.

அப்புறம் கூடுதல் ஆபரேஷன்கள். மூக்குக்கு சிலிகான் வைத்தால் தொற்று, சுருக்கம், இடம் நகர்தல் என்று வருடங்கள் கழித்தும் தொந்தரவு வரலாம். சொந்தக் குருத்தெலும்பு என்றால் காதிலிருந்தோ மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுப்பார்கள். தாடை எலும்பைச் செதுக்குவது வேறு உலகம். முழு மயக்கம், ரத்தப்போக்கு, கீழுதட்டு உணர்வு நரம்பு பாதிப்பு என்று எல்லாம் அதில் உண்டு. 2014-இல் காங்னமில் ஒரு கிளினிக் வெட்டியெடுத்த தாடை எலும்புத் துண்டுகளைக் கண்ணாடிக் கோபுரத்தில் நிரப்பி வரவேற்பறையில் வைத்துச் செய்தியானது. பெருமைக்கு வைத்தார்கள். தாடையையும் இமையையும் ஒரே பட்டியலில் போட்டு விலை சொல்கிறவரிடம் அந்தக் கோபுரத்தை நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

விலை: எளிய மேமோல் பத்து லட்சம் வோனை ஒட்டித் தொடங்கும், முழு வெட்டு, தசை இறுக்கம், மூலை திறப்பு என்று சேர்ந்தால் பல மடங்காகும். அழகு அறுவைக்குக் கொரியாவில் 10 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. சொன்ன விலையில் அது சேர்ந்ததா, மயக்க மருந்து, தையல் பிரிப்பு, மருந்து, வீக்கத்துக்கான லேசர் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். முன்பணத்தை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதையும். நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைப்பது குறையும்.

வயது 19 ஆகாதவருக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடிந்ததும் மாணவர்கள் கூட்டமாக வருவார்கள், தள்ளுபடியும் அப்போதுதான். கூட்டமும் அப்போதுதான், அதனால் அந்தக் குளிர்கால மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

5. முந்தைய இரண்டு வாரம்

ஆஸ்பிரின், இபுபுரூஃபன், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஜின்செங், பூண்டு மாத்திரை இவையெல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். எதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதயத்துக்காக எழுதிக் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. புகையை விடுங்கள். லாசிக் செய்திருந்தால் எப்போது செய்தது என்று சொல்லுங்கள், சில மாத இடைவெளி தேவைப்படும். கான்டாக்ட் லென்ஸ் சில வாரம் போட முடியாது, மூக்குக் கண்ணாடி கையில் இருக்கட்டும். தங்குமிடத்தைக் கிளினிக்குக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். தையல் பிரிக்கும் நாள் வரை ஊரைவிட்டுக் கிளம்பாதபடி பயணச்சீட்டு போடுங்கள்.

6. அன்றைய நாள்

தூக்க மருந்து கொடுத்துச் செய்வதாக இருந்தால் சொன்ன நேரத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. உட்கார வைத்துக் கோடு வரைவார்கள். வரைந்தது பிடிக்கவில்லையென்றால் அப்போதே சொல்லுங்கள், அழித்து வரைய வைப்பதில் தவறில்லை. பிறகு உள்ளூர் மயக்க ஊசி. இமை ஊசிதான் மொத்தத்தில் வலிக்கும் பகுதி என்று பலரும் சொல்கிறார்கள். நடுவில் எழுப்பிக் கண்ணைத் திறக்கச் சொல்வார்கள், சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. பயப்பட வேண்டாம்.

ஒரு படிவம் கேட்டு வாங்க வேண்டும். 2016-இல் க்வான் தே-ஹீ என்ற இளைஞர் சியோலில் தாடை அறுவையின்போது பெருமளவு ரத்தம் இழந்து, பின்னர் இறந்தார். அவருடைய தாய் ஆபரேஷன் அறை கேமரா பதிவை வாங்கிப் பார்த்து, மருத்துவர் பாதியில் வேறு அறைக்குப் போய்விட்டதை வெளிக்கொண்டுவந்து, வருடக்கணக்கில் போராடினார். அதன் விளைவாக வந்த சட்டப்படி, 2023 செப்டம்பர் 25 முதல், நோயாளி நினைவிழந்த நிலையில் செய்யும் ஆபரேஷன் அறைகளில் கேமரா கட்டாயம். ஆனால் நீங்கள் கேட்டால்தான் பதிவு செய்வார்கள். கேட்டு, கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். பதிவை 30 நாளாவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் பேசிய மருத்துவருக்குப் பதில் வேறொருவர் கத்தி பிடிக்கும் 'நிழல் அறுவை' இங்கே நடந்த ஒன்று, அதனால் இதைக் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

7. வீக்கமும் காத்திருப்பும்

முதல் இரண்டு மூன்று நாள் குளிர் ஒத்தடம், தலையை உயர்த்தித் தூக்கம். அதற்கப்புறம் மிதமான நடை. ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் தையல் பிரிப்பார்கள். குனிந்து பாரம் தூக்குவது, மது, சவுனா எல்லாம் சில வாரம் வேண்டாம். வீக்கம் வடிய இங்கே பரங்கிக்காய்ச் சாறு பாக்கெட்டைக் கொடுப்பார்கள். குடிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் இரவில் உப்பு மிகுந்த ராம்யொன் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு அதைக் குடித்துப் பயனில்லை.

கூடப் போகிறவர்களுக்கு: முதல் வாரம் கண்ணாடியை மறைத்து வைக்க முடியாது, அதனால் பார்த்துவிட்டு அழுவார்கள். மடிப்பு இரண்டு மடங்கு உயரமாக, ஒரு கண் பெரிதாக, மற்றது சிறிதாகத் தெரியும். இரண்டு வாரத்தில் வெளியே போகும் அளவுக்கு வந்துவிடும். வெட்டு முறையில் உண்மையான கோடு அமர ஆறு மாதம்வரை ஆகலாம். அந்த நேரத்தில் படம் எடுத்து உறவினர் குழுவில் போட வேண்டாம் என்று அன்போடு தடுங்கள்.

இதற்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: ஒரு கண்ணில் கடும் வலி, கண் கல்லாகிப் பிதுங்குவது, பார்வை மங்குவது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருக்கலாம். அரிது, ஆனால் உடனே கவனிக்காவிட்டால் பார்வை போய்விடும். கிளினிக்கின் இரவு எண்ணை அழையுங்கள், எடுக்காவிட்டால் 119. கண்ணை உருட்டும்போது ஏதோ குத்துகிறது என்றால் நூல் முடிச்சு வெளியே வந்திருக்கலாம், மறுநாளே காட்டுங்கள்.

கேட்கப்படும் சில கேள்விகள்

வெள்ளைக்காரர் மாதிரி ஆகத்தானே இதைச் செய்கிறார்கள்? இப்படித் தமிழர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். சில கதைகளில் உண்மை உண்டு. 1950-களில் கொரியப் போருக்குப் பின் அங்கே வந்த அமெரிக்க மருத்துவர் மில்லார்ட் கண்ணை 'மேற்கத்தியமாக' மாற்றுவதாகவே எழுதினார். அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஜூலி சென், தன் ஆசியக் கண்ணைச் சுட்டி வாய்ப்பு மறுக்கப்பட்டதால் இந்த அறுவையைச் செய்துகொண்டதாக 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் இன்று சின்சாவில் வரிசையில் நிற்கும் பெண் தன் அக்காவுக்கு இருக்கும் மடிப்பையும், பாதிக் கொரியர்களுக்கு இயல்பாக இருக்கும் மடிப்பையும்தான் கேட்கிறாள். அவளைப் பார்த்து இனவெறுப்பு என்று சொல்வதற்கு முன், நம் ஊரில் விற்கும் சிவப்பழகு க்ரீமை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.

நானும் செய்துகொள்ளலாமா? நம்மில் பெரும்பாலோருக்கு மடிப்பு ஏற்கெனவே இருக்கிறது. நம்மவர் கேட்பது வேறு: கண்ணுக்குக் கீழே கருவளையம். அது நிறமியால் வந்தது என்றால் கீழ் இமை அறுவை அதைப் போக்காது. கொழுப்புப் பையையும் பள்ளத்தையும் மட்டுமே சரிசெய்யும். நம் தோலில் வெட்டுக்காயம் கறுத்து நிற்கும் வாய்ப்பும் கூடுதல். இமை தொங்குவதுதான் பிரச்சினை என்றால் அதற்குச் சியோல் வரை வர வேண்டியதில்லை. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளில் இமை அறுவைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

சரியாக வரவில்லையென்றால்? மேமோல் அவிழ்ந்தால் மறுபடி போடுவது எளிது. வெட்டு முறையில் கோடு மிக உயரமாகிவிட்டால் சரிசெய்வது கடினமான வேலை. பெரும்பாலான மருத்துவர்கள் ஆறு மாதமாவது காத்திருக்கச் சொல்வார்கள். அதற்குள் வேறு கிளினிக்கில் அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள். தொடர்ந்து கண் மூடவில்லை, வறட்சி தாங்கவில்லை என்றால் மட்டும் கண் மருத்துவரிடம் உடனே போகலாம். பணம் அல்லது அலட்சியம் பற்றிய சண்டை என்றால், கொரிய மருத்துவத் தகராறு சமரச முகமை வெளிநாட்டவர் புகாரையும் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கைவசம் இருக்க வேண்டியவை: மருத்துவப் பதிவேட்டின் நகல், ஒப்புதல் படிவம், ரசீது, ஆபரேஷனுக்கு முன் எடுத்த உங்கள் சொந்தப் படங்கள். ஊருக்குக் கிளம்பும் முன்பே, எல்லாம் நன்றாக இருந்தாலும், வரவேற்பு மேஜையில் இந்த நகல்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளி கேட்டால் கொடுப்பது அவர்கள் கடமை. கேமரா பதிவையும் அழித்துவிடாமல் வைக்க வேண்டுமென்றால் அந்த 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டாக வேண்டும்.